முதுசமும் கடனும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்கின்றது. நூற்றாண்டு மலரில் என்னென்ன இருக்கும் என்பது வாசகியருக்குத் தெரிந்ததுதான். ஆசிச் செய்திகள், அதிபர்களின் வரிசை, கட்டடங்கள் எழும்பிய கதை, லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் கிளைகளின் அறிக்கைகள், எம்மை விட்டுப் பிரிந்தோருக்கான பக்கம். இவையெல்லாம் இந்த மலரிலும் உண்டு. இருக்கவும் வேண்டும். பெண்பிள்ளை எழுத்தறிந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பெரியவர்கள் நம்பிய ஊரில் எங்கள் பூட்டிமார் சிலேற்றும் கையுமாக இருந்தார்கள் என்பது சின்னக் காரியம் அல்ல.

மலர்க்குழு எம்மிடம் கேட்டது, யாழ்ப்பாணத்து மிஷன் பெண்கள் பள்ளிகளின் கிறிஸ்தவ வேர்களைப் பற்றிய ஒரு சரித்திரக் கட்டுரை. எழுத உட்கார்ந்தபோது மத்தேயு 23ஆம் அதிகாரம் குறுக்கே வந்தது. தீர்க்கதரிசிகளின் கல்லறைகளுக்குச் சோடனை செய்துகொண்டு, அவர்களைக் கொன்ற காலத்தில் தாங்கள் இருந்திருந்தால் அதற்கு உடன்பட்டிருக்கமாட்டோம் என்று சொல்லிக்கொண்டவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். நூற்றாண்டு மலரும் ஒருவிதத்தில் கல்லறைச் சோடனைதான். ஆகவே இக்கட்டுரையில் மாலை போடும் வேலையை மற்றக் கட்டுரைகளுக்கு விட்டுவிட்டு, முன்னோரிடமிருந்து வந்த இன்னொரு சொத்தைப் பார்க்கலாம் என்று எண்ணினோம்.

சொத்து என்ற சொல்லைத் தெரிந்துதான் போட்டிருக்கிறோம். எங்கள் ஊர்ச் சட்டமாகிய தேசவழமை சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரித்துப் பேசும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்தில் அதிகாரியாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அதை எழுத்தில் தொகுத்தார். 12 முதலியார்கள் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். அந்தத் தொகுப்பில் ஓர் இறுக்கமான விதி உண்டு. பெற்றோர் பட்ட கடன் பிள்ளைகளைச் சேரும். அந்நேரம் கையில் காசு இல்லாவிட்டாலும் பொறுப்பு விடாது. ஆனால் அந்தப் பொறுப்பு ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. சீதனம் வாங்கிக்கொண்டு போன பெண்பிள்ளைக்கு முதுசத்தில் பங்கும் இல்லை, கடனும் இல்லை, அவளுடைய கணக்கு சீதனத்தோடு முடிந்தது. பள்ளி என்ற முதுசத்தை நூறு வருடமாக எங்களுடையது என்று பெருமையோடு சொல்லிவரும் பெண்பிள்ளைகள் நாங்கள். பங்கு வேண்டும் என்றால் கடனும் வரத்தான் செய்யும்.

முன்னோரின் பாவம் பிள்ளைகளைச் சேருமா என்பது வேதாகமத்துக்குள்ளேயே வழக்காடப்பட்ட கேள்வி. யாத்திராகமம் 20, பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் தொடரும் என்கிறது. எசேக்கியேல் 18 அதை மறுத்து, தகப்பன் தின்ற புளிப்புக்குப் பிள்ளையின் பல் கூசும் என்ற பழமொழியை இனி எடுக்கவேண்டாம் என்கிறது. ஞாயிறு பாடசாலையில் இந்த இரண்டையும் ஒரே நாளில் படிப்பித்திருந்தால் நாங்கள் கேள்வி கேட்டிருப்போம். அதனால்தானோ என்னவோ, வெவ்வேறு வருடங்களில் படிப்பித்தார்கள்.

எமக்குத் தோன்றுவது, இரண்டும் இரண்டு விஷயங்களைப் பேசுகின்றன என்பது. குற்றம் தனி மனிதருக்கு உரியது. எசேக்கியேலின் பேச்சு அதைப் பற்றியது. ஆனால் குற்றத்தின் பலன், அதாவது பறித்த காணி, மறுத்த படிப்பு, விழுங்கிய மரியாதை, தலைமுறை தாண்டிக் கைமாறுகிறது. யாத்திராகமம் சொல்வது அதைத்தான். நெகேமியா எருசலேமின் மதில் இடிந்ததைக் கேட்டு அழுது ஜெபித்தபோது, தன் தகப்பன் வீட்டாரின் பாவத்தைத் தன்னுடையதோடு சேர்த்தே அறிக்கையிட்டான். தானியேலும் அப்படியே செய்தான். அந்தப் பாவங்களில் பல அவர்கள் பிறக்குமுன்னே செய்யப்பட்டவை. ஆனாலும் ‘அவர்கள்’ என்று சொல்லித் தப்பிக்கொள்ளவில்லை.

தமிழில் இதற்கு ஒரு வசதி உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம், கேட்பவரை விலக்கிச் சொன்னால் நாங்கள். யாழ்ப்பாணப் பேச்சில் நாங்கள் என்பதே இரண்டுக்கும் ஓடிவிடும், அது வேறு கதை. தமிழ் வேதாகமத்தின் பாவ அறிக்கைகளில் நாங்கள்தான் வருகிறது. அங்கே கேட்பவர் கடவுள், அவரைப் பாவத்தில் கூட்டுச் சேர்க்க முடியாது. இந்த மலரைக் கேட்பவர்களோ நீங்கள்.

இடையில் ஒன்று. இப்போது ஊரிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் ‘பரம்பரைச் சாபம்’ முறிக்கும் கூட்டங்கள் பெருகிவிட்டன. பாட்டன் வைரவருக்கு மடை போட்டதால் பேரப்பிள்ளைக்குச் சோதனை சரிவரவில்லை என்று அங்கே சொல்கிறார்கள். பாட்டன் தன் கிணற்றில் பிறரைத் தண்ணீர் அள்ள விடவில்லையே, அந்தச் சாபத்தை முறிப்போம் என்று எந்த ஊழியராவது ஜெபித்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இனிச் சரித்திரம்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கியது 1824இல். ஆசியாவின் பழைய பெண்கள் விடுதிப் பள்ளிகளில் ஒன்று என்று அதைப் பெருமையாகச் சொல்வோம், சொல்லலாம். ஆனால் அதே 1824இல் யாழ்ப்பாணத்தில் மனிதரை விற்று வாங்குவது சட்டப்படி செல்லும். முன்னே சொன்ன தேசவழமையிலேயே அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி உண்டு. எந்தெந்தச் சாதியார் அடிமைகள் என்று பெயர் குறிப்பிட்டு, காணி, வளவு, மாடு என்பவற்றோடு அவர்களையும் சொத்தாக எண்ணுகிறது. இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால். ஆகப் பெண் கல்வி தொடங்கி இருபது வருடம், பக்கத்து வளவில் இன்னொரு பெண் இன்னொருவரின் சொத்தாக இருந்தாள். இரண்டு பேரும் ஒரே மணிச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்.

உடுவிலின் தொடக்கத்தைப் பற்றி மிஷன் நூல்களில் ஒரு கதை வரும். மழையில் அகப்பட்டு வீட்டுக்குப் போகமுடியாத சிறுமிகள் மிஷனரி வீட்டில் சாப்பிட்டார்கள். அங்கே வாய் வைத்தபின் சாதி போய்விட்டதுதானே, இனி அங்கேயே இருந்து படிக்கட்டும் என்று பெரியவர்கள் விட்டார்கள். கதையின் விபரங்கள் எப்படியானாலும், அது சொல்லும் விஷயம் உண்மை: பள்ளியின் வாசற்படி பாடப்புத்தகத்தால் திறக்கவில்லை, ஒரு வாய்ச் சாப்பாட்டால் திறந்தது. அடுத்து நடந்ததை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. பிள்ளைகளை அனுப்பவேண்டுமானால் சமையல் உயர்சாதியார் கையால் ஆகவேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். மிஷன் அதற்கு இணங்கியது. முதலில் பிள்ளைகள் வரட்டும், சுவிசேஷம் உள்ளே போனால் சாதி தானாக வெளியே போகும் என்று அவர்கள் நம்பியிருக்கலாம். 1848இல் ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய பின், சாதியில் கை வைத்தால் பிள்ளைகள் அங்கே போய்விடுவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. சாதி தானாக வெளியே போகவில்லை. அது சட்டைபோட்டு, சப்பாத்துப் போட்டு, ஞானஸ்நானப் பெயரும் எடுத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தது.

பெயர் என்றதும் நினைவு வருகிறது. விடுதிப் பிள்ளைகளின் செலவைப் பொறுத்த அமெரிக்கக் கொடையாளர்கள், தாங்கள் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாம் என்றிருந்தது. 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ பத்திரிகையின் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேய்சனும். பெயரைக் கேட்டால் கப்பலில் வந்தவர்கள் போலிருக்கும், இருவரும் எங்கள் ஊர்த் தமிழர். சங்க நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளைக்குச் சார்ல்ஸ் வின்ஸ்லோ என்ற பெயர் இருந்தது. வட்டுக்கோட்டை செமினரியில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவராகி, பின்னர் சைவத்துக்குத் திரும்பி, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். மிஷன் அவருடைய பெயரை அவிழ்த்தது, ஆனால் ஏடு படித்துப் பதிப்பிக்கும் முறையையும் அவருக்குக் கொடுத்தது. ஆகவே மிஷன் தமிழை அழித்தது என்றும் சொல்லிவிட முடியாது, வளர்த்தது என்று மட்டும் சொல்லி மாலை போடவும் முடியாது.

பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகள் இப்போது ‘கட்டவிழ்ப்பு’ என்று ஒரு சொல் சொல்கிறார்கள். ஒரு பண்பாட்டைக் கட்டியிருக்கும் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, எது எதைத் தாங்கி நிற்கிறது என்று பார்ப்பது. மிஷனரிமாரும் ஒருவகையில் இதைத்தான் செய்தார்கள், ஆனால் அவிழ்க்க இலகுவான முடிச்சுகளாகப் பார்த்து அவிழ்த்தார்கள். பெயர் போனது, பொட்டுப் போனது, மேளம் போனது. சாதியும் சீதனமும் நின்றன. நின்றதோடு போகவில்லை: கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் விடுதிப் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. படித்த பெண் கிறிஸ்தவ வீட்டுக்குப் போகவேண்டும் என்ற நல்ல எண்ணந்தான். அந்த நல்ல எண்ணத்தின் விலையை அவளுக்குப் பின் வந்த பெண்களின் தகப்பன்மார் காணி ஈடு வைத்துக் கட்டினார்கள்.

எந்த முடிச்சை அவிழ்ப்பது என்பதில் எவ்வளவு சிக்கல் உண்டு என்பதற்கு, கடலுக்கு அப்பால் தஞ்சாவூரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். அதற்கும் எங்களுக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது. எங்கள் ஆலயங்களில் இன்றும் பாடும் கீர்த்தனைகளில் பல வேதநாயகம் சாஸ்திரியார் செய்தவை. 1774இல் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, ‘பெத்லகேம் குறவஞ்சி’யைப் பாடியவர். 1820களில் தஞ்சாவூருக்கு வந்த புதிய மிஷனரிமார் சில மாற்றங்களைக் கொண்டுவந்தார்கள். பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினார்கள். கலியாணத்துக்கும் சாவுக்கும் பூ வைப்பதை மறித்தார்கள். ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனை பாடுவதை நிறுத்தினார்கள். ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக இருப்பதையும் ஒழிக்கச் சொன்னார்கள். சாஸ்திரியார் நான்கையும் எதிர்த்தார். நான்கும் கொடுமை என்றே எழுதினார். சாதி ஆசாரத்தைத் திருத்தப் போவதன் பைத்தியத்தைப் பற்றி 1829இல் தனியே ஒரு நூலும் செய்தார். 1833இல் கல்கத்தா ஆயர் டானியல் வில்சன், சபைக்குள் சாதி இனி ஒரு நாளும் இருக்கக்கூடாது என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரின் வேளாளக் கிறிஸ்தவர்களில் பலர் சபையைவிட்டு விலகி நின்றார்கள்.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? பூவிலும் பாட்டிலும் சாஸ்திரியார் சொன்னதே சரி. அவர் விட்டுக்கொடுத்திருந்தால் இன்று எங்கள் கிறிஸ்மஸ் ஆராதனையில் தமிழ் இராகம் இருந்திருக்காது. சாதியில் அவர் சொன்னது பிழை, மிஷனரிமார் சொன்னது சரி. ஆனால் இருதரப்புமே பூவையும் சாதியையும் ஒரே கட்டாகக் கட்டினார்கள். மிஷனரிமார் இரண்டும் அஞ்ஞானம் என்றார்கள், அவர் இரண்டும் தமிழ் என்றார். ‘எங்கட பண்பாடு’ என்று யாராவது மேடையில் முழங்கும்போதெல்லாம் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று எமக்குத் தோன்றும். உள்ளே பூவும் இருக்கும், இன்னொருவரை வெளியே நிறுத்திய கயிறும் இருக்கும்.

மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். எமது சங்கம் பிறந்த 1920களில் இந்த விஷயம் பள்ளிக்கூட வாங்கிலில் வந்து நின்றது. 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரசில் ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்கள் தீண்டாமைக்கும் சீதனத்துக்கும் எதிராகப் பேசினார்கள். அவர்களில் பலர் மிஷன் பள்ளிகளின் பிள்ளைகள். இதை எங்கள் வரவுப் பக்கத்தில் எழுதலாம். அவர்கள் அழைத்துத்தான் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். உடுவிலிலும் இராமநாதன் கல்லூரியிலும் பெண்பிள்ளைகளிடம் பேசினார். அதுவரை பல பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில், அல்லது விறாந்தையில். 1929, 1930 அளவில், அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமாசனம் வேண்டும் என்று கல்வித் திணைக்களம் கட்டளையிட்டது. ஊர்ப் பெரியவர்கள் பெட்டிசம் எழுதினார்கள். சில பள்ளிகள் எரிக்கப்பட்டன. ஒரு பிள்ளை வாங்கிலில் இருப்பதைத் தடுக்க ஒரு பள்ளிக்கூடத்தையே கொளுத்தத் துணிந்த சமூகம், 1981இல் தன் நூலகம் எரிந்தபோது அழுதது. அந்த அழுகை நியாயமான அழுகை. முந்தின நெருப்பையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதைச் சேர் பொன். இராமநாதன் எதிர்த்திருந்தார். பெண்களுக்கும் கீழ்ச்சாதியாருக்கும் வாக்கு ஆகாது என்று அவர் இருதரப்பையும் ஒன்றாகவே சொன்னார். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவரும் அவர்தான். எங்கள் பாட்டிமாருக்கும், அவர்கள் வளவில் நெல்லுக் குற்றிய பெண்ணுக்கும் ஒரே நாளில் வாக்குக் கிடைத்தது. அந்த ஒற்றுமையை எத்தனை பாட்டிமார் உணர்ந்தார்கள் என்று கேட்கப் பிந்திவிட்டது.

எங்கள் பள்ளிகளில் சாதியை எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது உண்மை. சொல்லத் தேவையிருக்கவில்லை. ‘நல்ல குடும்பத்துப் பிள்ளை’ என்ற ஒரு சொல் எல்லா வேலையும் பார்த்தது. அனுமதிக்கு வரும் தாயிடம் ஊர் எது, எந்தக் குறிச்சி, மாமாமார் ஆர் என்று அன்பாக விசாரித்தால் போதும், நாலு கேள்வியில் தெரிந்துவிடும். ‘என்ன ஆக்கள்?’ என்ற கேள்வி நேராக வருவது கலியாணப் பேச்சில் மட்டும். ஆண்டு விழாவில் நேர்மை, தாழ்மை, சேவை என்று பரிசு கொடுத்தோம். தாழ்மைக்கான பரிசை வாங்கியவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவர்கள் அல்லர்.

ஆலயத்திலும் அப்படியே. நற்கருணையின் ஒரே பாத்திரத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்பதற்கு எழுதாத வரிசை இருந்ததை மூத்த அக்காமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோது, எங்கள் சபையார் சிலர் அதைப் பார்த்து, சைவத்தின் பிரச்சினை என்று தலையாட்டினார்கள். கோயிலில் கதவு பூட்டியிருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. எங்கள் ஆலயங்களில் கதவு திறந்திருந்தது, வாங்கில்தான் பூட்டியிருந்தது.

இனப் பெருமையைப் பற்றியும் எழுதாமல் விடமுடியாது. இது எழுதக் கஷ்டமான பகுதி. 1956, 1958, 1977, 1983, 2009 என்று எங்கள் மேல் வந்தவற்றை வாசகியருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. இந்த மலரின் நினைவுப் பக்கத்திலேயே அந்த ஆண்டுகள் இருக்கின்றன. வீட்டையும் பிள்ளையையும் இழந்த ஒரு பழைய மாணவியிடம் போய் முன்னோரின் பாவத்தைப் பேசுவது ஈரமில்லாத வேலை. அப்படிப் பேசுவது எமது நோக்கமும் அல்ல. ஆனால் காயப்பட்டவர் கையால் இன்னொருவர் காயப்படுவதில்லை என்று ஒரு விதி கிடையாது. இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைகளாக இருந்ததை மோசேயின் சட்டம் திரும்பத் திரும்ப நினைப்பூட்டுவது, அந்நியரை ஒடுக்காதிருக்கவே. பெருமை பேசுவதற்காக அல்ல.

1948இல் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பல லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அதைப் பெரிய அநீதி என்று கண்டு, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர் செல்வநாயகம். தெல்லிப்பழையில் படித்த கிறிஸ்தவர். அவரை எங்களவர் என்று சொல்வோம். ஆனால் அதே காலத்தில் எங்கள் வீட்டுக் குசினிகளில் மலையகத்துச் சிறுமிகள் இருந்தார்கள். நாங்கள் வெள்ளைச் சட்டையும் ரையுமாகப் பள்ளிக்குப் போக, எங்கள் வயதுப் பிள்ளையொன்று கோப்பை கழுவியது. ஒரே மொழி, ஒரே இனம் என்று மேடையில் சொன்னோம். அந்தப் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எந்த வீட்டிலும் பேச்சு எழுந்ததாகத் தெரியவில்லை.

பிறகு 1990. அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். நகையையும் காசையும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். வடக்கு முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர் போனார்கள், பெரும்பகுதி புத்தளத்துக்கு. சோனகதெருவும் ஐந்துசந்தியும் ஒரு பின்னேரத்தில் வெறுமையாயின. அவர்களுக்குள் எங்களோடு ஒரே வகுப்பில் இருந்தவர்கள் உண்டு. நோன்புக் காலத்தில் கஞ்சி கொண்டுவந்து பகிர்ந்தவர்கள், இல்ல விளையாட்டுப் போட்டியில் எங்களுக்காக ஓடியவர்கள். அன்று வாய் திறந்தவர் உயிருக்குப் பயப்படவேண்டியிருந்தது என்பதையும் எழுதவேண்டும். அது உண்மை. துப்பாக்கி இல்லாத காலம் வந்தபின்னும் வாய் திறக்க இவ்வளவு வருடம் ஏன் எடுத்தது என்பது அடுத்த கேள்வி. தமிழர் என்பதற்குள் அவர்கள் இல்லை என்று ஒருநாள் முடிவானது. தமிழர் என்பதற்குள்ளேயே வாங்கில் யாருக்கு, நிலம் யாருக்கு என்று அதற்கு முன்பே முடிவு செய்து பழகியிருந்த சமூகத்துக்கு, அது அவ்வளவு புதிய கணக்காக இருக்கவில்லை என்றே நாம் நினைக்கிறோம்.

இவற்றை இப்போது கிளறுவானேன், பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் பிறந்து வளர்ந்துவிட்டார்களே என்று கேட்கலாம். அங்கே வரும் தமிழ்ப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பக்கத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். யாழ் உயர் வேளாள கிறிஸ்தவக் குடும்பம் என்று எழுதுகிறார்கள். யாழ், உயர், வேளாள என்ற மூன்றுக்கும் பின்னால்தான் கிறிஸ்து வருகிறார். பனியில் பிறந்த பிள்ளை தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாமல் வளர்கிறது. ‘என்ன ஆக்கள்’ என்பது மட்டும் அதற்கு எப்படியோ விளங்குகிறது. பூவை மறந்து கயிற்றை ஞாபகம் வைத்திருக்கிறோம்.

சகேயு மரத்தால் இறங்கியதும் செய்தது கணக்குப் பார்த்ததுதான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான். எமது சங்கத்தின் கணக்கும் அப்படிச் சில இடங்களில் தொடங்கலாம் என்று மலர்க்குழுவிடம் சொல்லியிருக்கிறோம். சங்கத்தின் உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையிடம் இரண்டு பழைய மாணவிகளின் சிபார்சைக் கேட்பதை நிறுத்தலாம். தலைமுறையாக இப்பள்ளிக்குள் வரமுடியாதிருந்த வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு பழைய மாணவிகளை எங்கிருந்து தெரியும்? 1990இல் வெளியேற்றப்பட்ட எங்கள் வகுப்புத் தோழிகளின் பெயர்கள் சங்கத்தின் உறுப்பினர் இடாப்பில் இல்லை. புத்தளத்திலும் கொழும்பிலும் அவர்களைத் தேடிப் பதிய ஒரு கிளை பொறுப்பெடுக்கலாம். மலையகப் பிள்ளைகளுக்கு விடுதியில் இடம் ஒதுக்கலாம், வீட்டுக் குசினியில் அல்ல.

இன்னும் ஒன்று, உடனே செய்யக்கூடியது. இந்த மலரில் பழைய குழுப்படங்கள் சில வருகின்றன. ஒவ்வொன்றின் கீழும் இருப்பவர்கள், நிற்பவர்கள் என்று இடமிருந்து வலமாகப் பெயர்கள் உண்டு. ஆசிரியைகள், மாணவத் தலைவிகள், விடுதிப் பொறுப்பாளர் எல்லாரும் இருக்கிறார்கள். கடைசி வரிசையின் ஓரத்தில், அல்லது சற்று விலகி, வெறுங்காலோடு சில பெண்களும் ஓர் ஆணும் நிற்கிறார்கள். சமைத்தவர்கள், தண்ணீர் இறைத்தவர், மலசலகூடம் கழுவியவர். அவர்களுக்குக் கீழே ‘பணியாளர்’ என்று மட்டும் இருக்கிறது. அந்தக் காலத்து விடுதி அக்காமார் சிலருக்கேனும் அவர்களின் பெயர்கள் நினைவிலிருக்கும். நாங்கள் கூப்பிட்ட பெயர் அல்ல, அவர்களுடைய சரியான பெயர். தெரிந்தவர்கள் படத்தின் ஆண்டையும் பெயரையும் ஊரையும் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்பினால், மலரின் இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொள்வோம். அக்காமார் பலருக்கு இப்போது 80 வயது தாண்டிவிட்டது. இந்த மாதமே எழுதுங்கள்.